இலைச்சாற்றுச் சோதனையில் வளையம் சொல்லாத விஷயங்கள்

கிருமி வளர்க்கும் கூழான அகார் தட்டில், சாறு நனைத்த ஒரு காகித வட்டு, அதைச் சுற்றிக் கிருமி முளைக்காத தெளிந்த வளையம். இலைச்சாற்றைச் சோதிப்பவர் எவருக்கும் அதைப் பார்த்தால் மனசு குளிரும். எனக்கு முதலில் கிடைத்த வளையம் 14 மில்லிமீட்டர். அப்புறம் சாறே இல்லாமல், அதை இறக்கப் பயன்பட்ட கரைப்பானான மெத்தனாலை மட்டும் வட்டில் வைத்துப் பார்த்தேன். அதற்கும் 11 வந்தது! வட்டில் மெத்தனால் சரியாக ஆவியாகவில்லை. கிருமியைக் கொன்றதில் பெரும்பங்கு அதற்குத்தான். கரைப்பானுக்குத் தனி வட்டு வைக்காத சோதனையை நான் இப்போது நம்புவதில்லை.

வட்டின் விட்டம் வழக்கமாக 6 மில்லிமீட்டர். அதையும் சேர்த்து அளக்கிறோம் என்பதால், 6 என்றால் பலன் பூஜ்யம். இதை மறந்து 7-ஐ 'நல்ல எதிர்ப்பு' என்று எழுதுபவர்கள் உண்டு.

இதைவிடப் பெரிய தவறு, வளையங்களை ஒப்பிட்டு எந்தச் செடி வீரியமானது என்று தீர்ப்புச் சொல்வது. நீரில் கரையும் பொருள் அகாரில் எளிதாகப் பரவும். எண்ணெய்த்தன்மை உள்ளது வட்டை விட்டு நகரவே தயங்கும். வளையம் சிறுத்தால் பொருள் பலவீனம் என்று அர்த்தமில்லை. வளர்ச்சியைத் தடுக்கும் குறைந்தபட்சச் செறிவைத் திரவ ஊடகத்தில் கண்டுபிடிப்பதுதான் முறை. அங்கும் ஒரு சிக்கல்: கிருமி வளர்ந்தால் திரவம் கலங்கும், ஆனால் பச்சைச் சாற்றில் அந்தக் கலங்கல் கண்ணுக்குத் தெரியாது. அதனால் ரெசாசூரின் சாயம் சேர்ப்பார்கள். உயிருள்ள கிருமி இருந்தால் நீலம் இளஞ்சிவப்பாகும். ஆனால் சாற்றிலுள்ள ஒடுக்கும் (எலக்ட்ரான் தரும்) பொருள்களே அந்த நிறத்தை மாற்றிவிடலாம். கிருமி சேர்க்காமல் சாறும் சாயமும் மட்டும் உள்ள ஒரு சோதனைக் குழி இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஆக்ஸிஜனேற்ற எதிர்ப்புக்கு டிபிபிஎச் என்ற ஊதா நிற வேதிப்பொருளைக் கொண்டு சோதனை செய்கிறோம். சாறு பட்டு அந்த நிறம் வெளிறுவதை 517 நானோமீட்டரில் அளப்போம். இருட்டில் 30 நிமிடம் வைக்காமல் ஜன்னலோரம் விட்டால் வெளிச்சமே டிபிபிஎச்சைச் சிதைத்துவிடும். ஐசி50 என்பது டிபிபிஎச்சில் பாதியை அடக்கத் தேவையான சாற்றின் செறிவு, ஆகவே எண் குறையக் குறைய வீரியம் அதிகம். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்ட அறிக்கைகளை நிறையவே திருத்தியிருக்கிறேன். சாற்றிலுள்ள ஃபீனால் வகைப் பொருள்களின் மொத்த அளவை அறியச் செய்யும் ஃபோலின் சோதனையும் ஃபீனால்களை மட்டும் காட்டுவதல்ல. வைட்டமின் சி, ஒடுக்கும் சர்க்கரைகள் எல்லாம் அதில் சேர்ந்தே வரும்.

இலையைக் கொளுத்தும் வெயிலில் காய வைக்காதீர்கள், நிழல் போதும். தாவரவியலாளரிடம் செடியை உறுதிசெய்து, உலர்மாதிரி ஒன்றைப் பாதுகாத்து வையுங்கள்.

'இந்த இலை கிருமிகளைக் கொல்லும், கஷாயம் வைத்துக் குடிக்கலாம்' என்ற முடிவுரைதான் எனக்கு எரிச்சலூட்டுவது. சோதித்தது மெத்தனால் சாறு, குடிக்கச் சொல்வது கொதிநீர்ச் சாறு. மெத்தனாலில் இறங்கும் பொருள்கள் எல்லாம் தண்ணீரில் இறங்குவதில்லை. சில கொதியில் சிதைந்தும் போகும். கஷாயத்தைப் பற்றிப் பேச வேண்டுமா? சரி, கஷாயத்தையே காய்ச்சி, அதே செறிவுகளில் வட்டில் வைத்துப் பாருங்கள்.