அலங்கார மீன் கடையில தவிர்க்க வேண்டிய தவறுகள்: லோடு வந்த அன்னைக்கே விக்கிற அவசரம்

போன மாசம் புதுசா கடை போட்டிருந்த ஒருத்தர பாக்க போயிருந்தேன், அப்பதான் லோடு வந்து இறங்கியிருக்கு, தெர்மாகோல் பாக்ஸ பிரிச்சு, கவர வெட்டி, கவர் தண்ணியோட சேத்து மீன ஷோ டேங்க்ல கொட்டிட்டு இருந்தார். ரெண்டு கஸ்டமர் பக்கத்துலயே நிக்கிறாங்க, அந்த அவசரம் அவருக்கு. எனக்கு வயித்த கலக்கிடுச்சு, ஏன்னா முதல் வருஷம் நானும் அச்சு அசலா இதேதான் பண்ணினேன்.

தீனி அளவா போடுறது, தண்ணி மாத்துறது, செத்த மீன உடனே எடுக்கிறது இதெல்லாம் கடை வைக்கிற அளவுக்கு வந்தவங்களுக்கு தெரியும், அத விட்டுடுறேன்.

வந்த மீன நேரா விக்கிற டேங்க்ல விடுறது

என் கடையில அப்போ 18 டேங்க், எல்லாத்துக்கும் சேத்து கீழ ஒரே சம்ப், அதாவது எல்லா டேங்க் தண்ணியும் வந்து கலந்து சுத்தமாகி திரும்ப மேல போற தொட்டி. ஒரு வெள்ளிக்கிழமை ஒரு பாக்ஸ் பிளாட்டி மீன் வந்துச்சு. துடுப்ப விரிச்சுகிட்டு நல்லா ஓடுது, ஒரு புள்ளி கிடையாது, அப்படியே விட்டுட்டேன். சனி ஞாயிறு நல்ல வியாபாரம். செவ்வாக்கிழமை ரெண்டு மீன் கல்லுல உடம்ப தேய்க்குது, புதன்கிழமை உப்ப தூவின மாதிரி வெள்ளைப்புள்ளி, அடுத்த பத்து நாளுக்குள்ள அந்த சம்ப்ல கோத்த ஒரு டேங்க் கூட தப்பல.

மீன் பாக்க நல்லாதானே இருந்துச்சுன்னு இன்னைக்கும் எல்லாரும் கேக்குறாங்க. வெள்ளைப்புள்ளி முதல்ல செவுளுக்குள்ள இருக்கலாம், வெளிய ஒண்ணும் தெரியாது. நம்ம கண்ணுக்கு தெரியிற அந்த புள்ளி மீனோட தோலுக்கு அடியில உக்காந்திருக்கிற ஒட்டுண்ணி, மருந்து அதுகிட்ட போகாது. அது தின்னு முடிச்சு தானா உதிர்ந்து, அடியில ஒட்டிகிட்டு கூடு கட்டி, உள்ளயே பிரிஞ்சு நூத்துக்கணக்குல குஞ்சா வெளிய வரும். மீன தேடி நீந்துற அந்த குஞ்சத்தான் மருந்து கொல்லும். இது தெரியாம நான் புள்ளி மறைஞ்சுதும் மருந்த நிறுத்திட்டேன், நாலு நாள்ல முன்ன விட மோசமா திரும்பி வந்துச்சு. இன்னொன்னு, சம்ப்ல தண்ணிய சுத்தமாக்க போடுற கார்பன் பை கிடந்துச்சு, முதல் ரெண்டு நாள் ஊத்தின மருந்த பூரா அதுதான் உறிஞ்சியிருக்கு. மருந்து போடுறதுக்கு முன்னாடி கார்பன எடுத்துடுங்க, கடைசி புள்ளி போன பிறகும் ஒரு வாரமாவது மருந்த விடாதீங்க, தண்ணி குளிரா இருந்தா இன்னும் கூட நாள் ஆகும்.

செத்த மீன் கணக்க கூட தாங்கிக்கலாம். அந்த சனி ஞாயிறு வாங்கிட்டு போனவங்க வீட்டு டேங்குக்கும் போச்சே, அததான் என்னால மறக்க முடியல. ஒரு அம்மா வந்தாங்க, "தம்பி, நாலு வருஷமா வளத்த ஏஞ்சல் ஜோடிப்பா, உன் மீன விட்ட பிறகுதான் போச்சு"ன்னாங்க, அவ்ளோதான், சண்டை கூட போடல. பிளாட்டிக்கு வாங்கின காச திருப்பி கொடுத்தேன், ஏஞ்சலுக்கு என்னத்த கொடுக்கிறது. அவங்க அப்புறம் கடைப்பக்கம் வரவேயில்ல.

அதனால சொல்றேன், ஷோ டேங்க் ரெண்ட குறைச்சுக்கிட்டாலும் பரவால்ல, எதோடயும் சேராத ரெண்டு தனி டேங்க் வைங்க. அதுக்குன்னு தனி வலை, தனி டியூப், தனி பக்கெட். அந்த வலைய கலர் நூல் கட்டி அடையாளம் வைங்க, கடையில வேல செய்யிற பையன் மாத்தி எடுத்துட்டா பட்ட பாடு எல்லாம் வீண். தினமும் வேலைய முடிக்கும்போது கடைசியாத்தான் அந்த டேங்க்ல கைய வைக்கணும். ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டர எப்பவும் ஷோ டேங்க்ல கூடுதலா ஓட விடுங்க, லோடு வர்ற அன்னைக்கு அத எடுத்து தனி டேங்க்ல போட்டா மீன் கழிவுல வர்ற அம்மோனியாவ உடைக்கிற பாக்டீரியா ரெடியா இருக்கும், ஆனா அந்த ஸ்பான்ஜ் திரும்ப ஷோ டேங்குக்கு வரவே கூடாது. புதுசா வந்த மீன் அந்த தனி டேங்க்ல ரெண்டு வாரம் கட்டாயம் இருக்கணும், மூணு வாரம்னா எனக்கு நிம்மதி. காசு முடங்குதுன்னு சொல்றவங்க பாதி லோடா எடுங்க.

கவர திறந்து வச்சுட்டு சொட்டு சொட்டா தண்ணி விடுறது

புது தண்ணிக்கு மீன் மெதுவா பழகட்டும்னு பண்றது இது, பக்கத்துல வாங்கின மீனுக்கு சரி. ஒரு நாள் முழுக்க கவர்லயே வந்த மீனுக்கு ஆபத்து. மீன் மூச்சு விட்டு விட்டு கார்பன் டை ஆக்சைடு சேந்து உள்ள பிஹெச் (தண்ணியோட அமில-கார அளவு) இறங்கியிருக்கும், அதனாலதான் கழிவுல வந்த அம்மோனியா அவ்ளோ நேரமும் பெரிசா விஷமாகாம கிடந்துச்சு. கவர திறந்ததும் அந்த வாயு வெளிய போயிடும், பிஹெச் ஏறும், அதே அம்மோனியா விஷமா மாறிடும். அந்த தண்ணியில ஒரு மணி நேரம் மீன ஊற வச்சா செவுள் வெந்துடும். மூடின கவர 15, 20 நிமிஷம் மிதக்க விடுங்க, சூடு சமமானதும் திறந்து உடனே வலையில எடுத்து மீன மட்டும் விடுங்க. கவர் தண்ணி சாக்கடைக்கு.

எல்லா டேங்குக்கும் ஒரே சம்ப்

வேண்டாம். நாலு நாலு டேங்கா பிரிங்க.

டேங்கும் மீனும் ஒரே நாள்ல விக்கிறது

புது ஃபில்டர்ல பாக்டீரியா வர 4லேந்து 6 வாரம் ஆகும். அன்னைக்கே பத்து மீன கட்டி கொடுத்தா அம்மோனியாவுல போயிடும், அவங்க மீன் வளக்கிறதையே விட்டுடுவாங்க. காத்திருக்க முடியாதுன்னு கஸ்டமர் அடம் பிடிச்சா ரெண்டு மூணு மீன் மட்டும் கொடுங்க, கூட நோய் இல்லாத டேங்க்ல ஓடின ஸ்பான்ஜ் ஒண்ணையும் ஈரமா கட்டி கொடுத்து விடுங்க.

சக்கர் மீன 'டேங்க் கிளீனர்'னு விக்கிறது

அது ஒரு அடிக்கு மேல வளரும். அத சொல்லிட்டுதான் விக்கணும்.

கரண்ட் போனா பாத்துக்கலாம்னு இருக்கிறது

பேட்டரி ஏர் பம்ப் வாங்கி சார்ஜ்லயே வைங்க, கூட்டமா மீன் இருக்கிற டேங்க்ல ஆக்சிஜன் தீர ரொம்ப நேரம் ஆகாது. கேனிஸ்டர் ஃபில்டர் (டேங்குக்கு வெளிய வைக்கிற மூடின ஃபில்டர்) பல மணி நேரம் நின்னுருந்தா கரண்ட் வந்ததும் தானா ஓட விடாதீங்க, உள்ள பாக்டீரியா செத்து தண்ணி நாறியிருக்கும், அது அத்தனையும் மீன் மேலதான் வந்து விழும். திறந்து அந்த தண்ணிய கொட்டிட்டு, உள்ள இருக்கிற மீடியாவ (பாக்டீரியா ஒட்டியிருக்கிற ஸ்பான்ஜ் மாதிரி பொருள்) டேங்க் தண்ணியில அலசிட்டு அப்புறம் போடுங்க.