நாய் இனத் தடையை எதிர்க்கக் கிளம்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிட்புல், ராட்வைலர் இரண்டுக்கும் இனிப் புது லைசென்ஸ் கிடையாது என்று சென்னை மாநகராட்சி மன்றம் 2025 டிசம்பரில் தீர்மானம் போட்டது. அன்றிலிருந்து என்னிடம் நாய்ப் பயிற்சிக்கு வருகிற பலர் மனுவும் கையுமாக வருகிறார்கள். "சார், இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க, அனுப்பலாமா?" என்று கேட்கிறார்கள். படித்தால் 2024-இல் மத்திய அரசின் நாய் இனத் தடையை எதிர்த்து நாங்கள் எழுதிய மனுக்களில் இருந்த அதே ஓட்டைகள். எழுத்துப் பிழை, தப்பான விலாசம் போன்றவற்றை அவர்களே திருத்திக்கொள்வார்கள். நம் பக்கத்து நியாயத்தையே கவிழ்த்துவிடுகிற தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

"என் நாய் கடிக்காது"

எழுதாதீர்கள். கடித்த நாய்களின் சொந்தக்காரர்களும் முந்தின நாள் வரை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"பிட்புல் அந்தக் காலத்தில் குழந்தைகளுக்கு ஆயா வேலை பார்த்த நாய்"

இதற்கு வரலாற்று ஆதாரம் கிடையாது. அடித்துவிடுங்கள்.

தீர்ப்பு வந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2024 மார்ச் 12 அன்று மத்திய கால்நடை பராமரிப்புத் துறை மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. 23 வகை நாய்களை இறக்குமதி செய்யக் கூடாது, இனப்பெருக்கம் செய்யக் கூடாது, விற்கக் கூடாது. ஏற்கெனவே வீட்டில் இருப்பவற்றுக்குக் கருத்தடை செய்ய வேண்டும் என்றது. அந்தப் பட்டியலை நாய் தெரிந்த ஒருவர் பார்த்திருந்தால்கூட அப்படி வெளிவந்திருக்காது. ஓரிடத்தில் டோசா இனு, இன்னோரிடத்தில் ஜப்பானிய டோசா. இரண்டும் ஒரே நாய். 'டெரியர்' என்று பொத்தாம்பொதுவாக ஒரு சொல். அந்தக் கணக்கில் மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சுகிற யார்க்‌ஷயர் டெரியரும் ஆபத்தான நாய்தான்.

ஏப்ரல் 10 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. அடுத்த வாரமே டெல்லி உயர் நீதிமன்றமும் ரத்து செய்தது. எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அன்று பட்டாசு, லட்டுப் படங்கள். தீர்ப்பை முழுசாகப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை. சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல், சட்ட விதிகளில் இடமில்லாத ஒன்றைச் சுற்றறிக்கையாகக் கொண்டுவந்தது தவறு என்றுதான் கர்நாடக நீதிமன்றம் சொன்னது. இந்த இனங்களால் ஆபத்தில்லை என்று அது எங்கும் சொல்லவில்லை. முறைப்படி எல்லாரையும் கேட்டுவிட்டு அரசு மறுபடி வரலாம் என்று கதவைத் திறந்தே வைத்தது.

அரசும் வந்தது. ஆட்சேபணை இருந்தால் அனுப்பலாம் என்று பொது அறிவிப்பு கொடுத்தது. நாம் கேட்டு வாங்கிய வாய்ப்பு அது. தடுப்பூசி விவரம், லைசென்ஸ் ரசீது, பயிற்சிக் குறிப்பு, பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரின் கடிதம், தடைக்குப் பதிலாக என்ன செய்யலாம் என்று அரைப் பக்கம், இவ்வளவையும் சேர்த்து அனுப்புங்கள் என்று குரூப்பில் கெஞ்சினேன். "அதான் கோர்ட்டே சொல்லிடுச்சே சார்" என்றார் குட்டி விற்கிற ஒருவர். யாரோ ஆங்கிலத்தில் எழுதிய ஒரே பத்தியை ஆளாளுக்கு ஃபார்வர்டு செய்தார்கள். சிலர் 'உங்கள் பெயரை இங்கே எழுதவும்' என்ற வரியைக்கூட மாற்றாமல் அனுப்பினார்கள். அப்படி வந்து குவிகிற நூறு மனுவை ஓர் அதிகாரி ஒரே மனுவாகத்தான் கணக்கில் வைப்பார்.

இதற்கு நடுவில் மே 5 அன்று நுங்கம்பாக்கம் மாநகராட்சிப் பூங்காவில், பூங்காக் காவலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வைலர்கள் குதறின. கயிறு இல்லாமல் விட்ட நாய்கள். சில நாளில் தமிழக அரசு 23 இனங்களுக்கும் தடை என்று அறிவித்து, அறிவித்த வேகத்திலேயே திரும்பப் பெற்றது. அதையும் வெற்றி என்று கொண்டாடினார்கள். உயர் நீதிமன்றங்கள் ரத்து செய்த சுற்றறிக்கை என்பதால் பின்வாங்கினார்களே தவிர, நம் வாதத்தில் மனசு மாறி யாரும் பின்வாங்கவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷத்துக்கும் மேல் அவகாசம் இருந்தது. ப்ரீடர்கள், அதாவது நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பவர்கள், மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று மத்திய அரசின் 2017 நாய் இனப்பெருக்க விதிகளே சொல்கின்றன. அதை அமல்படுத்துங்கள் என்று நாமே கேட்டிருக்கலாம். கனடாவின் கால்கரி நகரம் இனப் பட்டியலே வைக்காமல், லைசென்ஸைக் கறாராக்கி, நாய் என்ன செய்தது என்று பார்த்து நடவடிக்கை எடுக்கிறது. அந்த மாதிரியைத் தமிழில் எழுதி ஒவ்வொரு கவுன்சிலரிடமும் கொடுத்திருக்கலாம். நெதர்லாந்து 1993-இல் பிட்புல் வகையைத் தடை செய்து, கடி குறையவில்லை என்று கண்டு 2008-இல் தடையை நீக்கியதைச் சொல்லியிருக்கலாம். பிரிட்டன் 1991-இல் நான்கு இனங்களோடு தொடங்கி, 2023 கடைசியில் எக்ஸ்எல் புல்லி என்ற நாய் வகையையும் பட்டியலில் சேர்க்க வேண்டி வந்ததைக் காட்டியிருக்கலாம். நம் பக்கத்திலிருந்து ஒரு தாளும் போகவில்லை. மன்றத்தில் தீர்மானம் வந்தபோது, தடையைத் தவிர வேறு எந்த யோசனையும் கவுன்சிலர்கள் கையில் இல்லை.

இப்போதும் யாராவது வழக்குப் போட்டு மாநகராட்சித் தீர்மானத்துக்கு இடைக்காலத் தடை வாங்கலாம். வாங்கினால், அன்று ராத்திரியே மாற்று யோசனையை எழுத உட்காருங்கள்.

இனத்துக்கும் குணத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சாதிப்பது

சம்பந்தம் உண்டு, கொஞ்சம். 2022-இல் 'சயின்ஸ்' ஆய்விதழில் வந்த பெரிய மரபணு ஆய்வு, ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள நடத்தை வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனத்தைக் கொண்டு விளக்க முடியும் என்றது. அந்த 9-ஐப் பூஜ்யமாக்கிப் பேசினால் மீதி 91-ஐயும் யாரும் நம்ப மாட்டார்கள். 45 கிலோ நாய் கடித்தால் காயம் பெரிதாக இருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ளுங்கள். அதனால்தான் பெரிய நாய் வளர்ப்பவருக்குக் கட்டுப்பாடு அதிகம் வேண்டும் என்று நாமே கேட்கிறோம்.

கார்டில் இருக்கும் இனத்தை அப்படியே நம்புவது

தடுப்பூசி கார்டில் இனம் என்ற கட்டத்தை எப்படி நிரப்புகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? ஒருநாள் கிளினிக்கில் காத்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பையன், அகலத் தலையும் குட்டை முடியுமாக ஒரு கலப்பு நாயோடு. கார்டு எழுதியவர் "என்ன ப்ரீடுப்பா?" என்று கேட்டார். பையன் பெருமையாக "பிட்புல் மிக்ஸ்ணா" என்றான். எழுதியாகிவிட்டது. தாய் எது, தகப்பன் எது என்று அவனுக்கும் தெரியாது. சாதுவான அந்த நாய்க்கு நாளைக்கு லைசென்ஸ் கிடைக்காமல் போனால் காரணம் அந்த ஒரு வார்த்தை. பிரிட்டனில்கூடத் தாய் தகப்பனைப் பார்ப்பதில்லை. உடல் அளவும் தோற்றமும் பொருந்தினால் 'பிட்புல் வகை' என்று முடிவாகிவிடும். தெரியாத இனத்துக்குக் 'கலப்பு' என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

தெருநாயைக் காட்டிக்கொடுப்பது

"எங்க நாயை விடுங்க, தெருநாயைப் பிடிங்க" என்று எழுதுகிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

கடிபட்டவர் மீது பழி போடுவது

"குழந்தை சீண்டியிருக்கும்" என்று ஒரு மனுவில் படித்தேன். எழுதியவர் நல்ல மனிதர்தான், தன் நாயை உயிராய் வளர்ப்பவர். ஆனால் தலையில் தையலோடு ஆஸ்பத்திரியில் கிடந்த குழந்தையைப் பற்றி அப்படி எழுத எப்படி மனசு வந்தது? மனுவின் முதல் பத்தியே கடிபட்டவரைப் பற்றித்தான் இருக்க வேண்டும். அவருடைய சிகிச்சைச் செலவை நாயின் சொந்தக்காரர் ஏற்க வேண்டும், கயிறில்லாமல் விட்டவருக்குத் தண்டனை வேண்டும் என்று கேளுங்கள். இனம் பற்றிய வாதம் அதற்கு அடுத்த பத்தியில் வரட்டும்.

மனு கொடுக்கப் போகும்போது நாயைக் கூட்டிக்கொண்டு போவது

வாய்மூடி போட்டிருந்தாலும் வேண்டாம்.