ஹட்சன் ஆற்றுக்கு மேலே, ஏ9 பழக்கத்தோடு

ஏ9 நெடுஞ்சாலையோரக் கிளிநொச்சியில் வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டுபவன் நான். நியூ யோர்க் நகரைச் சுற்றிப் பார்க்க ஹட்சன் ஆற்று வழியே சின்னச் செஸ்னா விமானத்தில் தெற்கே போனால், ஒவ்வொரு முறையும் எதிரே ஒருவன் நேராக மூக்குக்கு முன்னால் வந்தான்.

நியூ ஜேர்சியில் உண்மையாகவே ஓட்டும் மச்சானிடம் திரையைக் காட்டினேன். சிரித்தான். "டேய், இது ஏ9 இல்லையடா. இங்கே வலது பக்கம்." ஓ! தெற்கே போனால் நியூ ஜேர்சிக் கரை, வடக்கே வந்தால் மன்ஹாட்டன் கரை. நான் நம்மூர்ப் பழக்கத்தில் இடப்பக்கம் ஒட்டிப் போயிருக்கிறேன்.

அங்கே 1,300 அடிக்குக் கீழே பறந்தால் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அனுமதி தேவையில்லை. 140 நொட் (மணிக்குச் சுமார் 260 கி.மீ.) வேகத்துக்கு மேல் போகாமல், விளக்குகளைப் போட்டு, 123.05 என்ற வானொலி அலைவரிசையில் மற்ற விமானிகளுக்கு நாமே இடத்தைச் சொல்லிக்கொண்டு போக வேண்டும். 2009இல் விமானமும் ஹெலிகொப்டரும் மோதி 9 பேர் இறந்த பிறகு இறுக்கிய விதிகள் இவை.

கரையை வரைபடத்தில் சிவப்புப் பேனாவால் கோடிட்டுச் சரிசெய்தேன். இடம் சொல்வதுதான் நாக்கில் வரவில்லை. அதற்கு மோட்டார் சைக்கிளில் பழகினேன்: "பரந்தன், தெற்கே." "கரடிப்போக்கு, தெற்கே." முறிகண்டியில் கச்சான் விற்கும் அம்மா ஒரு மாதிரிப் பார்த்தார்.

அப்புறம் ஜோர்ஜ் வாஷிங்டன் பாலம், சுதந்திர தேவி சிலை எல்லாம் தடங்காமல் வந்தன. சிலையைத் தாண்டும்போது கரண்ட் போனது வேறு கதை.