கலிஃபோர்னியாவில் முன்பக்க நம்பர் பிளேட்: புதிதாக வருபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

கலிஃபோர்னியாவில் பதிவாகும் ஒவ்வொரு காருக்கும் மோட்டார் வாகனத் துறையான டிஎம்வி இரண்டு நம்பர் பிளேட்டுகளைத் தருகிறது. இரண்டு தரப்பட்டால் ஒன்றை வண்டியின் முன்பக்கத்திலும் மற்றொன்றைப் பின்பக்கத்திலும் பொருத்தியே ஆக வேண்டும் என்று மாநில வாகனச் சட்டத்தின் 5200ஆம் பிரிவு சொல்கிறது. ஊரில் கார் ஓட்டிய நமக்கு இது புதிய விதி அல்ல. இந்தியாவிலும் முன்னும் பின்னும் நம்பர் பிளேட் கட்டாயம்தான். குழப்பம் இங்கே வந்த பிறகுதான் தொடங்குகிறது. சன்னிவேலிலோ ஃப்ரீமான்ட்டிலோ ஒரு சிக்னலில் நின்று எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தால், முன்பக்கம் வெறுமையாக இருக்கும் கார்கள் கண்ணில் படாமல் இருக்காது. விலை உயர்ந்த கார்களில் இது இன்னும் அதிகம். அதைப் பார்த்துவிட்டு, முன்பக்கப் பிளேட் என்பது விருப்பப்பட்டால் மாட்டிக்கொள்ளும் பொருள் என்று புதிதாக வருபவர்கள் எண்ணிவிடுகிறார்கள். அது தவறு. போலீஸ் நிறுத்தாமல் விட்டிருக்கிறது என்பதற்கும் சட்டம் அனுமதிக்கிறது என்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

வேறு மாநிலத்திலிருந்து இங்கே மாறி வருபவர்களுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. அமெரிக்காவில் இந்த விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. நம்மவர்கள் நிறையப் பேர் வசிக்கும் வட கரோலினா, ஜார்ஜியா, அரிசோனா, ஃப்ளோரிடா, மிஷிகன், பென்சில்வேனியா ஆகிய மாநிலங்களில் கார்களுக்குப் பின்பக்கப் பிளேட் மட்டும் போதும். ஒஹாயோ 2020 ஜூலையிலிருந்தும் யூட்டா 2025 தொடக்கத்திலிருந்தும் முன்பக்கப் பிளேட்டைக் கைவிட்டுவிட்டன. டெக்சஸ், நியூ ஜெர்சி, நியூ யார்க், இல்லினாய், வாஷிங்டன் ஆகியவற்றிலோ கலிஃபோர்னியாவைப் போலவே இரண்டும் வேண்டும். ஒரு பிளேட் மாநிலத்தில் பதிவான காரை அந்தப் பதிவு செல்லுபடியாகும் காலத்தில் இங்கே ஓட்டி வந்தால், முன்பக்கம் காலியாக இருப்பதற்காக யாரும் டிக்கெட் எனப்படும் அபராதச் சீட்டைக் கொடுக்க முடியாது. அரிசோனா பிளேட்டுடன் வரும் வாடகைக் காருக்கும் இது பொருந்தும். ஆனால் இங்கே வேலையில் சேர்ந்தோ வீடு எடுத்தோ குடியேறிவிட்டால், 20 நாள்களுக்குள் காரைக் கலிஃபோர்னியாவில் பதிவு செய்ய வேண்டும், ஓட்டுநர் உரிமத்தையும் 10 நாள்களுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். அப்படிப் பதிவு செய்த உடனே கையில் இரண்டு பிளேட்டுகள் கிடைக்கும். வட கரோலினாவின் ராலேயிலோ ஜார்ஜியாவின் அட்லாண்டாவிலோ வாங்கிய காரின் முன் பம்பரில் பிளேட் மாட்டும் பிராக்கெட்டே இருக்காது என்பதால், பலர் பின்பக்கத்தில் ஒன்றை மாட்டிவிட்டு மற்றதைக் கராஜில் வைத்துவிடுகிறார்கள். டிக்கெட்டுக்கான வழி அங்கேதான் திறக்கிறது.

புதுக் கார் வாங்குபவர்களுக்கு முதலில் கிடைப்பது டீலர் தரும் காகிதப் பிளேட்தான். 2019ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து இந்தத் தற்காலிகப் பிளேட் நடைமுறை இருக்கிறது. அதற்கு முன்பு, டீலரின் விளம்பர அட்டையை மாட்டிக்கொண்டே மாதக்கணக்கில் ஓட்ட முடிந்தது. காகிதப் பிளேட் விற்பனை நாளிலிருந்து 90 நாள்கள் வரை செல்லும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: 90 நாள்கள் முடிவது, உலோகப் பிளேட்டுகள் தபாலில் வந்து சேர்வது ஆகிய இரண்டில் எது முதலில் நடக்கிறதோ அதுவே காகிதப் பிளேட்டின் முடிவு. ஆகவே நாற்பதாம் நாளே உறை வந்துவிட்டால், மீதமுள்ள நாள்களுக்கும் காகிதமே போதும் என்று இருந்துவிடக் கூடாது. அந்த உறையில் இரண்டு பிளேட்டுகள், பதிவு அட்டை, மாதத்துக்கும் ஆண்டுக்குமான ஸ்டிக்கர்கள் ஆகியவை இருக்கும். ஸ்டிக்கர்களைப் பின்பக்கப் பிளேட்டில் மட்டுமே ஒட்ட வேண்டும். மாதம் இடது மேல் மூலையில், ஆண்டு வலது மேல் மூலையில்.

பொருத்துவது எப்படி என்பதில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. பிளேட் ஆடாமல் உறுதியாக இருக்க வேண்டும், எழுத்துகள் இடமிருந்து வலமாக நேராகத் தெரிய வேண்டும், தெளிவாகப் படிக்க முடிய வேண்டும் என்பவை சட்டத்தின் நிபந்தனைகள். டேஷ்போர்டின் மேல் சாய்த்து வைத்து, கண்ணாடி வழியாகத் தெரிகிறதே என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அது வண்டியில் பொருத்தியதாக ஆகாது, ஓட்டுநரின் பார்வையை மறைத்ததற்காக இன்னொரு குற்றச்சாட்டுக்கும் இடம் கொடுக்கும். பழைய காராக இருந்தால் உதிரிபாகக் கடையில் உங்கள் மாடலுக்கான பிராக்கெட்டை வாங்கி, பம்பரில் இருக்கும் சிறு குழிகளில் திருகு ஏற்றினால் வேலை முடிந்துவிடும். பம்பரில் துளை போட மனமில்லாதவர்களுக்கு, இழுவைக் கொக்கி மாட்டும் துளையில் திருகிப் பொருத்தும் பிராக்கெட்டுகள் கிடைக்கின்றன. டெஸ்லா கார்களுக்கு ஒட்டிப் பொருத்தும் பிராக்கெட் உண்டு. ஒட்டுவதற்கு முன் பம்பரை ஆல்கஹால் துணியால் நன்றாகத் துடைத்து, வெயில் ஏறிய நேரத்தில் ஒட்டுவது நல்லது, குளிரில் ஒட்டினால் பசை சரியாகப் பிடிக்காது. புதுக் காரை எடுக்கும்போதே பிராக்கெட்டைப் பொருத்தித் தருமாறு டீலரிடம் கேட்டுவிடுவது எல்லாவற்றிலும் எளிது. முன்பக்கப் பிளேட் தாழ்வாக இருக்கும் கார்களை வாகன நிறுத்தத்தில் சிமெண்டுக் கட்டை வரை கொண்டுபோய் நிறுத்தினால், பிளேட்டின் அடிப்பகுதி உரசி மடங்கிவிடும். மடங்கிய பிளேட் படிக்க முடியாமல் போனால் அதற்கும் டிக்கெட் உண்டு.

பிளேட்டின் மேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை போடுவதும் இங்கே சட்டப்படி கூடாது. நம்மவர்களுக்கென்றே ஒரு குறிப்பையும் சேர்க்க வேண்டும். லிவர்மோர் சிவா விஷ்ணு கோயில் போன்ற இடங்களில் வாகன பூஜை செய்யும்போது முன்பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் இடுவது வழக்கம். பூஜை முடிந்ததும் பிளேட்டின் எழுத்துகள் மேல் படிந்ததை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். மாலையை முன்பக்கத்தில் தொங்கவிட்டபடி நெடுஞ்சாலையில் ஏற வேண்டாம். உள்ளே கண்ணாடியில் தொங்கும் படமும் மணியும் பார்வையை மறைத்தால் அதுவும் தனி மீறலே.

இனி, போலீஸ் நிறுத்தினால் என்ன செய்வது என்று பார்ப்போம். பின்னால் சிவப்பு, நீல விளக்குகள் எரிந்தால் வலது இண்டிகேட்டர் போட்டு, பாதுகாப்பான இடத்தில் சாலையின் வலது ஓரமாக நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்து, சன்னலை இறக்கி, இரண்டு கைகளும் ஸ்டீயரிங் மேல் தெரியும்படி வைத்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருங்கள். ஊரில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, ஆவணங்களுடன் அதிகாரியிடம் நடந்துபோய், "சார்" என்று பேச்சைத் தொடங்குவது மரியாதை. இங்கே அதே செயல் அதிகாரிக்கு அச்சுறுத்தலாகத் தெரியும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், ஒரு சின்னப் பிளேட் விவகாரம் பெரிதாவதற்கு இந்த ஒரு பழக்கமே போதும் என்பதுதான். அதிகாரி கேட்ட பிறகே உரிமம், பதிவு அட்டை, இன்ஷூரன்ஸ் சான்று ஆகியவற்றை எடுங்கள். எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கையை நகர்த்துங்கள். 2024 முதல், கேள்விகள் கேட்பதற்கு முன்பே நிறுத்தியதற்கான காரணத்தை அதிகாரி சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் சட்டம் இருக்கிறது. பணம் கொடுத்து முடித்துக்கொள்ளும் எண்ணத்தைச் சாடையாகக்கூட வெளிப்படுத்த வேண்டாம். அது சிறைக்குக் கொண்டுபோகும் குற்றம்.

அதிகாரி டிக்கெட் எழுதினால் கையெழுத்துக் கேட்பார். கையெழுத்திடுவது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது; குறிப்பிட்ட தேதிக்குள் கோர்ட்டுக்குப் பதில் சொல்வேன் என்ற உறுதிமொழி மட்டுமே. கையெழுத்திட மறுத்தால் கைது செய்யும் அதிகாரம் அவருக்கு வருகிறது. காகிதத்தைக் கையில் வாங்கியதும், மீறல் எழுதப்பட்ட வரிக்கு அருகில் இருக்கும் கட்டங்களைப் பாருங்கள். சரிசெய்யக்கூடிய மீறலா என்பதற்கு "ஆம்", "இல்லை" என இரண்டு கட்டங்கள் இருக்கும். முன்பக்கப் பிளேட் இல்லாததற்குப் பெரும்பாலும் "ஆம்" என்பதையே குறிப்பார்கள். இதைத்தான் இங்கே எல்லாரும் ஃபிக்ஸ்-இட் டிக்கெட் என்கிறார்கள். தொடர்ந்து அலட்சியமாக இருப்பவர் என்று அதிகாரி கருதினால் "இல்லை" என்று குறிக்கவும் சட்டம் இடம் தருகிறது. ஆகவே ஒரு முறை சரிசெய்து காட்டிவிட்டுப் பிறகு பிளேட்டைக் கழற்றி வைப்பவர்கள் அடுத்த முறையும் இந்தச் சலுகை கிடைக்கும் என்று நம்ப முடியாது.

ஃபிக்ஸ்-இட் டிக்கெட்டை முடிக்கும் வழி எளிதானது. முதலில் பிளேட்டைப் பொருத்துங்கள். பிறகு காரையே ஓட்டிக்கொண்டு உள்ளூர் போலீஸ் நிலையத்துக்கோ, சிஹெச்பி எனப்படும் நெடுஞ்சாலை ரோந்துப் படையின் அலுவலகத்துக்கோ சென்று, டிக்கெட்டில் இருக்கும் திருத்தச் சான்றுப் பகுதியில் ஓர் அதிகாரியின் கையெழுத்தைப் பெறுங்கள். எந்த நாளில், எந்த நேரத்தில் பார்ப்பார்கள் என்று முன்னதாகத் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியூர்க்காரர்களிடம் சிறு கட்டணம் வாங்கும் நகரங்களும் உண்டு. கையெழுத்தான டிக்கெட்டுடன், மீறல் ஒன்றுக்கு 25 டாலர் வீதம், டிக்கெட்டில் குறிப்பிட்ட கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், கோர்ட்டுக்குக் கட்டினால் வழக்குத் தள்ளுபடியாகிவிடும். உங்கள் ஓட்டுநர் பதிவில் மீறலுக்கான புள்ளி ஏறாது. ஓடும் வண்டியை நிறுத்திக் கொடுக்கும் டிக்கெட் பொதுவாக ஓட்டியவரின் பெயரில்தான் வரும் என்பதால், நண்பரின் காரை இரவல் வாங்கி ஓட்டியவர் அவரிடம் சொல்லிப் பிளேட்டை மாட்டவைத்துத் தானே இந்த வேலையை முடிக்க வேண்டியிருக்கும். தெருவோரம் நிறுத்தியிருக்கும் காருக்கும் நிறுத்தக் கண்காணிப்பாளர்கள் இதே காரணத்துக்காகச் சீட்டு வைப்பார்கள். அது கோர்ட்டுக்குப் போகாது, சீட்டில் இருக்கும் அலுவலகத்துக்கே சான்றை அனுப்பித் தொகையைக் குறைத்துக்கொள்ளலாம்.

டெக்சஸில் இருப்பவர்களுக்கு இதற்கு இணையான ஏற்பாடு உண்டு. அங்கே அபராதம் 200 டாலர் வரை போகலாம். ஆனால் முதல் கோர்ட் தேதிக்கு முன் பிளேட்டைப் பொருத்தி, 10 டாலருக்கு மேற்படாத நிர்வாகக் கட்டணத்தைச் செலுத்தினால் கோர்ட் வழக்கைத் தள்ளுபடி செய்யலாம்.

உண்மையான சிக்கல், டிக்கெட்டைக் காரின் டேஷ்போர்டுப் பெட்டியில் போட்டுவிட்டு மறப்பதில்தான் இருக்கிறது. தேதி கடந்தால் 25 டாலர் சலுகை போய்விடும். அடிப்படை அபராதத்தின் மேல் மாநிலமும் கவுண்டியும் சேர்க்கும் கூடுதல் தொகைகள் அதைப் பல மடங்காக்கிவிடும். அதற்கும் மேல் 100 டாலர் வரை தனித் தண்டத் தொகை சேரலாம். கையெழுத்திட்ட உறுதிமொழியை மீறி ஆஜராகாமல் இருப்பதே, பிளேட் இல்லாததைவிடக் கனமான, மிஸ்டிமீனர் எனப்படும் கிரிமினல் வகைக் குற்றமாகும். புதிதாக வந்தவர்களுக்கு இது எளிதில் நடந்துவிடுகிறது. முதல் சில வாரங்கள் கம்பெனி கொடுத்த தங்குமிடத்தில் இருந்துகொண்டு அந்த முகவரியிலேயே உரிமம் எடுத்துவிடுகிறோம். பிறகு வாடகை வீட்டுக்கு மாறுகிறோம். கோர்ட் அனுப்பும் நினைவூட்டல் பழைய முகவரிக்கே போய்ச் சேர்கிறது. அந்தக் கடிதம் வரவில்லை என்பதைக் கோர்ட் காரணமாக ஏற்காது. வீடு மாறிய 10 நாள்களுக்குள் டிஎம்வியில் முகவரியை மாற்றுங்கள். விசாவில் இருப்பவர்கள் அதே 10 நாள்களுக்குள் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்கும் ஏஆர்-11 படிவத்தையும் குடியேற்றத் துறைக்கு அனுப்ப வேண்டும்; மனைவி, குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் அது வேண்டும்.

விசா என்றதும் எழும் அச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹெச்-1பி எனப்படும் வேலை விசாவில் இருக்கும் இளைஞர் ஒருவர் முதல் டிக்கெட்டை வாங்கிய இரவில் தூங்காமல் இருப்பது இயல்பு. பிளேட் இல்லாத மீறல் இன்ஃப்ராக்‌ஷன் எனப்படும் மிகச் சிறிய வகையைச் சேர்ந்தது. சரிசெய்து முடித்த ஒரு ஃபிக்ஸ்-இட் டிக்கெட்டுக்காக விசா போய்விடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் கிரீன் கார்டுக்கான ஐ-485 படிவமும் குடியுரிமைக்கான என்-400 படிவமும் கைதைப் பற்றி மட்டுமல்லாமல், அதிகாரிகள் டிக்கெட் கொடுத்ததுண்டா என்பதையும் சேர்த்தே கேட்கின்றன. உண்மையை எழுதுவதற்கு ஆவணம் கையில் இருக்க வேண்டும். டிக்கெட்டின் இரு பக்கங்களையும், அதிகாரியின் கையெழுத்துப் பகுதியையும், கோர்ட் ரசீதையும் படமெடுத்துப் பாஸ்போர்ட் நகல்களுடன் வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தை நிரப்பும் நாளில் உங்கள் வழக்கறிஞரிடம் அவற்றைக் காட்டுங்கள்.

பிளேட் ஒன்று தொலைந்தோ திருடுபோயோ இருந்தால், மீதமுள்ள ஒன்றை வைத்துச் சமாளிக்க முடியாது. திருட்டாக இருந்தால் முதலில் போலீசில் புகார் பதிவு செய்துவிடுங்கள். உங்கள் பிளேட்டை மாட்டிக்கொண்டு வேறொருவர் செய்யும் மீறல்கள் உங்கள் தலையில் விழாமல் காப்பது அந்தப் புகார்தான். பிறகு மாற்றுப் பிளேட்டுக்கான டிஎம்வியின் ரெஜ் 156 படிவத்தை நிரப்பி, மீதமிருக்கும் பிளேட்டை ஒப்படைத்து, வேறு எண்ணுடன் புதிய இணையை வாங்க வேண்டும். எண் மாறியவுடன் சுங்கக் கட்டணத்துக்கான ஃபாஸ்ட்ராக் கணக்கிலும் இன்ஷூரன்சிலும் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாகன நிறுத்த அனுமதியிலும் அதைத் திருத்துங்கள். சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிப் பாலங்களில் காசு வாங்க ஆள் கிடையாது, கேமராதான் பிளேட்டைப் படிக்கிறது. கணக்கில் இல்லாத எண்ணாக இருந்தால் சுங்கக் கட்டண ரசீது வீட்டுக்கு வந்துசேரும்.