பிரெஞ்சுப் புரட்சி ஆவணங்களில் தேதி படிப்பது எப்படி?

பழைய ஆவணத்தில் 'இரண்டாம் ஆண்டு, மெஸ்ஸிடோர் 29' என்று கண்டால் திகைக்க வேண்டாம். அது புரட்சிக்காரர்கள் பழையதை விட்டுவிட்டுக் கொண்டுவந்த புது நாட்காட்டியின் தேதி; மெஸ்ஸிடோர் அதில் ஒரு மாதம். பேனாவும் தாளும் போதும்.

முதல் ஆண்டு 1792 செப்டம்பர் 22-இல் தொடங்கியது. மன்னராட்சியை ஒழித்ததற்கு மறுநாள். ஆகவே இரண்டாம் ஆண்டின் முதல் நாள் 1793 செப்டம்பர் 22. அதை மேலே எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் 30 நாள்; பாக்கி ஐந்தோ ஆறோ ஆண்டுக் கடைசியில் ஒட்டிக்கொள்ளும். மெஸ்ஸிடோர் பத்தாம் மாதம். முடிந்த ஒன்பது மாதங்களுக்கு 270, அதோடு 28. ஏன் 29 இல்லை? முதல் நாளை ஏற்கெனவே எழுதிவிட்டோமே! இதில்தான் நான் இரண்டு மாதம் ஏமாந்தேன். ஒரு நோட்டுப் புத்தகம் முழுக்கத் தேதிகள் ஒரு நாள் தள்ளிப்போயிருந்தன. 298 நாள் நகர்ந்தால் 1794 ஜூலை 17.

அன்று கொம்பியேன் மடத்துக் கார்மேல் என்ற கத்தோலிக்கத் துறவு சபைப் பெண்கள் 16 பேரைப் பாரிஸில் கில்லட்டினில் வெட்டினார்கள். பாடிக்கொண்டே போனார்களாம். இடத்தின் அன்றைய பெயர் 'கவிழ்ந்த சிம்மாசனச் சதுக்கம்'. இன்று வரைபடத்தில் 'நாசியோன்' என்று தேடுங்கள்.

கிழமையை மட்டும் தேடாதீர்கள். வாரத்தை எடுத்துவிட்டுப் பத்து நாள் கூறுகளாக்கினார்கள்; பத்தாம் நாள் ஓய்வு. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கிழமையே இல்லை! புனிதர் பெயர் இருந்த நாள்களுக்குக் காய்கறி, கலப்பை, கழுதை என்று பெயர். சிரிப்பு வரும், அடுத்த பக்கத்தில் மரண தண்டனைப் பட்டியல் இருக்கும்.

1806 ஜனவரி 1 முதல் பழைய நாட்காட்டிதான். அதற்குப் பிந்தைய தாள்களுக்கு இந்தக் கணக்கு வேண்டாம்.