இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் இரும்புச்சத்துக் குறைவைக் கண்டறிந்து சரிசெய்வது எப்படி?

இதயச் செயலிழப்புக்கான மருந்துகளைத் தவறாமல் உட்கொண்டும் மூச்சிரைப்பும் சோர்வும் குறையாதவர்கள், இரும்புச்சத்துப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. இரத்தசோகை இல்லாமலேயே இக்குறைபாடு இருக்கலாம்.

உடலில் இரும்பைச் சேமித்து வைக்கும் புரதமான ஃபெரிட்டினின் அளவு, டிரான்ஸ்ஃபெரின் செறிவு (இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் புரதம் எத்தனை சதவீதம் இரும்பால் நிரம்பியுள்ளது என்பது) ஆகிய இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஃபெரிட்டின் மில்லிலிட்டருக்கு 100 நானோகிராமுக்குக் கீழே இருந்தாலோ, 100 முதல் 299 வரை இருந்து டிரான்ஸ்ஃபெரின் செறிவு 20 சதவீதத்துக்குக் குறைந்தாலோ, அதைக் குறைபாடு என்று ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2021 வழிகாட்டுதல் கொள்கிறது. அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் உயர்ந்து காட்டும் என்பதால், ஆய்வக அறிக்கையில் ‘இயல்பு’ என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்புவது சரியன்று.

இரும்புச்சத்து மாத்திரை மலிவுதான், ஆனால் இந்நோயாளிகளுக்கு அதனால் பெரும்பாலும் பலனில்லை. அழற்சியால் பெருகும் ஹெப்சிடின் என்னும் ஹார்மோன், குடல் இரும்பை உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. 2017இல் வெளியான அயர்ன்அவுட் ஆய்வில், 16 வாரம் மாத்திரை எடுத்தும் உடலுழைப்புத் திறன் கூடவில்லை. எனவே, இதயத்தின் சுருங்கும் திறன் குறைந்தவர்களுக்கு, ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் போன்ற இரும்புச்சத்து மருந்தை, எடைக்கும் ஹீமோகுளோபின் அளவுக்கும் ஏற்ப, மருத்துவமனையில் சிரைவழியாகச் செலுத்துகிறார்கள். ஒவ்வாமை அரிது என்றாலும், மருந்து ஏறியபின் அரைமணி நேரமாவது அங்கேயே இருப்பது அவசியம்.

ஆஸ்பிரினோ இரத்த உறைவு தடுப்பு மருந்தோ எடுப்பவர்கள், மலம் கறுத்துப் போகிறதா என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். குடலில் இரத்தம் கசிந்தால், ஏற்றிய இரும்பு மீண்டும் குறைந்துவிடும்.