மாட்சா லாட்டே சொல்லும் முன் ஒரு கேள்வி

கோவையில் ஆர்.எஸ்.புரமோ ரேஸ் கோர்ஸோ, எந்த கஃபேயிலும் மாட்சா லாட்டே சொல்லும் முன் “சர்க்கரை இல்லாமக் கிடைக்குங்களா?” என்று கேட்டுவிடுங்கள். மாட்சா என்பது நிழலில் வளர்த்த தேயிலையை மாவாக அரைத்த பொடி; அதில் இனிப்பே கிடையாது. “அதுலயே கலந்திருக்குங்க” என்று பதில் வந்தால் சர்க்கரையும் பால் பவுடரும் சேர்ந்த ரெடிமேட் கலவையாகத்தான் இருக்கும். அதற்கு அவ்வளவு காசு கொடுப்பதற்குப் பேசாமல் ஃபில்டர் காபி குடிக்கலாம். சர்க்கரை இல்லாமல் கிடைக்கும் என்றால், பால் ஊற்றும் முன் பொடியின் நிறத்தையும் எட்டிப் பாருங்கள்: பளிச்சென்ற பச்சை என்றால் சரி, மஞ்சள் தட்டியிருந்தால் பழசு அல்லது மட்ட ரகம். ஸ்ட்ராபெரி, வெள்ளை சாக்லேட் சேர்த்த வகைகளுக்கு இந்தக் கேள்வி உதவாது. அவற்றில் சிரப்பே இனிப்புதான்.